மந்தையாளர்க்கு வேண்டுவது தயவா, நியாயமா?

ஒரு தொழிலை நம்பி வாழும் மக்கள் நலிவுறுங்கால் அவர்களைக் காப்பது சமூகத்தின் கடமை என்று கூறுவோர் பலர். அக்கடமை தயவினின்று பிறப்பதா, நியாயத்தினின்று பிறப்பதா என்று ஆராய்வோர் சிலரே. தயவாயின், கொடுப்போர் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிடில் மறுக்கலாம். நியாயமாயின், மறுப்பது அநீதியாகும். ஆதலின் இவ்வேறுபாடு வெறும் சொற்போர் அன்று. பல குடும்பங்களின் வயிற்றுப்பாட்டைத் தீர்மானிப்பது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாட்டு மந்தை வளர்ப்போரின் நிலையை எடுத்துக்கொண்டு இதனை நாம் சிந்திப்போம்.

'மாடு' என்னும் சொல்லுக்கே தமிழில் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. மந்தை உடையவனே செல்வன் என்ற எண்ணம் பிற நாடுகளிலும் இருந்தது. அமெரிக்க மந்தையாளரைத் திரைப்படங்களில் கண்டவர்கள், கண்ணுக்கெட்டியவரை நிலமும் எண்ணற்ற கால்நடையும் உடைய பெரிய பிரபுவாகவே அவரைக் கருதுவர். உண்மை அவ்வாறில்லை. அந்நாட்டில் இறைச்சிக்காகக் கன்று வளர்ப்போரிடம் உள்ள தாய்ப் பசுக்கள் சராசரி 50-க்கும் குறைவே. மந்தை வருவாய் போதாமல் வேறு வேலைக்கும் செல்வோர் அவர்களுட் பலர்.

அவர்தம் தொழில் நடக்கும் வகையைச் சிறிது நோக்குவோம். பசு ஒன்பது மாதம் சினை சுமந்து கன்று ஈனுகிறது. கன்று ஆறேழு மாதம் தாயுடன் மேய்கிறது. பின்னர் அது விற்கப்பட்டு, தானியம் ஊட்டிக் கொழுக்கவைக்கும் பெரும் பட்டிகளை அடைகிறது. அங்கிருந்து கசாப்புச்சாலைக்குச் செல்கிறது. இப்பட்டிகளில் தயாராகும் மாடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85-ஐ வாங்கி அறுப்பவை நான்கே கம்பெனிகள். விற்போர் பல்லாயிரவர், வாங்குவோர் நால்வர்! அன்றியும், தயாரான மாடு காத்திருக்காது. துணி வியாபாரி விலை படியாவிட்டால் மூட்டையைக் கட்டி வைக்கலாம். மாட்டுக்கோ நாள்தோறும் தீவனம் வேண்டும். பருவம் கடந்தால் அதன் மதிப்பும் குறையும். ஆகவே, சொன்ன விலைக்குக் கொடுத்தேயாக வேண்டும். பட்டிக்காரர் அடையும் நட்டம், அடுத்த கன்றுக்கு அவர் தரும் விலையைக் குறைத்து, முடிவில் மந்தையாளர் தலையிலேயே விழுகிறது.

"இஷ்டமில்லையானால் விற்காதிருக்கலாமே, பேரம் என்பது இருவர் சம்மதம் அன்றோ?" எனச் சிலர் வாதிப்பர். மறுக்க இயலாதவன் சொல்லும் சம்மதம் சம்மதமாகாது என்பதே நமது விடை. 'மாட்டேன்' என்று சொல்லும் ஆற்றல் இருபுறமும் இருந்தால்தான் அது பேரம். ஒருபுறம் மட்டும் இருந்தால் அது கட்டளை.

இது புதிய நோயுமன்று. 1906-ல் அப்டன் சின்க்ளேர் என்னும் ஆசிரியர், சிக்காகோ கசாப்புச்சாலைத் தொழிலாளர் படும் பாட்டை ஒரு நாவலாக வெளியிட்டார். படித்த பொதுமக்கள் தொழிலாளருக்காக இரங்கியதினும், தாங்கள் உண்ணும் இறைச்சி அசுத்தமானதோ என்று அஞ்சியதே மிகுதி. அவ்வாண்டே இறைச்சியைச் சோதிக்கும் சட்டம் பிறந்தது. உண்பவன் காக்கப்பட்டான், உழைப்பவனும் வளர்ப்பவனும் காத்திருந்தனர். 1917-ல் குடியரசுத் தலைவர் வில்சன் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஐந்து கம்பெனிகள் மாட்டுச் சந்தைகளையும் குளிரூட்டிய ரயில் வண்டிகளையும் தம் கையில் வைத்திருந்தது வெளிப்பட்டது. 1921-ல்தான் மந்தையாளரைக் காக்கச் சட்டம் வந்தது. சட்டம் இன்றும் உண்டு. ஆயினும் 1980-ஐ ஒட்டி நூற்றுக்கு 36 அளவில் இருந்த நான்கு பெரிய கம்பெனிகளின் பங்கு, பின்னர் 85 அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஏட்டில் உறங்கும் சட்டம் எவரைக் காக்கும்?

2019 ஆகஸ்டில் கான்சாஸ் மாகாணத்தில் ஒரு பெரிய கசாப்புச்சாலை தீப்பற்றி மூடப்பட்டது. மாட்டின் விலை வீழ்ந்தது. இறைச்சியின் மொத்த விலையோ ஏறியது. 2020-ல் தொற்றுநோயால் ஆலைகள் முடங்கியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. வளர்ப்பவனுக்கும் குறைவு, உண்பவனுக்கும் அதிகம், இடையில் நின்றவனுக்கே இலாபம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மாட்டிறைச்சிக்கு மக்கள் கொடுத்த ஒரு வெள்ளியில் 60 காசுக்கு மேல் மந்தையாளரைச் சேர்ந்ததென்றும், இப்போது 39 காசு அளவே சேர்கிறதென்றும் 2022-ல் அந்நாட்டு அரசாங்கமே கூறிற்று.

பிறகு மாட்டு விலை உயரவில்லையா எனலாம். உயர்ந்தது. வறட்சியாலும் நட்டத்தாலும் பலர் மந்தையை விற்றதனால் உயர்ந்தது. 2025 தொடக்கத்தில் அந்நாட்டு மாடுகளின் தொகை 1951-க்குப் பின் மிகக் குறைந்த அளவை அடைந்தது. 2017-க்கும் 2022-க்கும் இடையே ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இத்தொழிலைக் கைவிட்டனர். தொழிலை விட்டவனுக்கு உயர்ந்த விலையால் பயன் யாது?

மாட்டிறைச்சி உண்ணாதார் நம்முள் உண்டு. "நமக்கு இதில் என்ன?" என்று அவர் ஒதுங்க வேண்டுவதில்லை. உண்ணலாமா என்பது வேறு வழக்கு. உழைத்தவன் பங்கு அவனைச் சேரவேண்டும் என்பதில் உணவு பேதம் இல்லை.

எனினும், மந்தையாளர் கேட்பதெல்லாம் நியாயமென்று நாம் கூறமாட்டோம். அவர்கள் மேய்க்கும் மேற்குச் சமவெளிகள் செவ்விந்தியரிடமிருந்து பறிக்கப்பட்டவை. அம்மக்களின் உணவான காட்டெருமைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. அரசாங்கத்தின் பொது நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை வாங்கப்பட்ட வரி 1.35 அமெரிக்க வெள்ளியே. பொதுச் சொத்தை அற்ப விலைக்கு அனுபவிப்பதும், அந்நிலத்தின் புல்லையும் நீரையும் அழிப்பதும், ஓநாயின் பூண்டையே ஒழிக்கவேண்டும் என்பதும் பிழைப்பின் பாதுகாப்பு ஆகா, அவை சலுகைகள். சலுகை கேட்போர் நியாயம் கேட்கும் உரிமையைத் தாமே பலவீனப்படுத்துகின்றனர்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? மானியத்தை அள்ளி வீசுதல் போதாது. பேரத்தில் இழந்ததைத் தானமாகத் திருப்பித் தருவது அது. வாங்கும் விலை மறைவின்றி வெளியாக வேண்டும். சிறிய கசாப்புச்சாலைகளும் வளர்ப்போரே நடத்தும் கூட்டுறவுச் சாலைகளும் பெருக வேண்டும். 1921-ம் ஆண்டுச் சட்டம் துணிந்து நடத்தப்பட வேண்டும். அப்போது மந்தையாளர் ஒருவரிடம் விலை படியாவிடில் மற்றொருவரிடம் செல்வார். 'மாட்டேன்' என்னும் சொல் அவர் வாயில் மீண்டும் உயிர்பெறும்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டியவனும், சிறு ரப்பர்த் துண்டை வைத்துத் தரகன் சொல்லும் விலைக்குக் காத்திருந்தவனும் இவ்வுண்மையை ஏட்டில் படித்து அறியவேண்டியதில்லை. உழைப்பாளிக்குத் தயவு காட்டும் சமூகம் நல்லதாக இருக்கலாம். அவன் தயவை நாடவேண்டாத நிலையை உண்டாக்கும் சமூகமே நேர்மையானது.