இறைவன் சித்தமும் மனிதன் பழியும்: பத்தாவியா கப்பலின் வழக்கு

உலகில் நடப்பவை யாவும் இறைவனின் சித்தப்படியே நடக்கின்றன என்றால், ஒருவன் செய்த கொலைக்கு அவனையே பொறுப்பாக்குவது எப்படி நியாயமாகும் என்ற கேள்வி பல சமயங்களில் எழுந்திருக்கிறது. பெரும்பாலும் மடங்களிலும் கல்விக்கூடங்களிலும் வாதத்துக்குரிய பொருளாகவே இருந்துவந்த அந்தக் கேள்வி, 1629ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள பவளத் திட்டுகளில் கொலைகாரனின் வாக்குமூலமாகவும், மனைவி மக்களைப் பறிகொடுத்த போதகரின் புலம்பலாகவும் வெளிப்பட்டது.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1628இல் ஆம்ஸ்டர்டாமில் கட்டப்பட்ட 'பத்தாவியா' என்ற பாய்க்கப்பல், அக்கம்பெனியின் ஆசியத் தலைநகரின் (இன்றைய ஜகார்த்தா) பெயரைத் தாங்கி, அந்நகருக்கே தன் முதல் பயணத்தை மேற்கொண்டது. வாசனைப் பொருள் வாங்குவதற்கான வெள்ளி நாணயப் பெட்டிகள் பன்னிரண்டும், அந்நகரின் கோட்டைக்கென்று செதுக்கிய வாயில் கற்களும், ஏறத்தாழ 340 மனிதர்களும் அதில் இருந்தனர். 1629 ஜூன் 4ஆம் நாள் விடியுமுன், எதிரே வெண்மையாகத் தெரிந்தது அலைநுரை என்று காவலாள் எச்சரித்தபோது, அது நீரில் விழுந்த நிலவொளி என்று மாலுமித் தலைவர் கருதிவிட்டார். கப்பல் ஹவுட்மன் அப்ரோலோஸ் தீவுக்கூட்டத்தின் பாறைத்திட்டில் மோதிச் சிதைந்தது. சுமார் நாற்பது பேர் மூழ்கிப்போக, கப்பலுக்குத் தலைமை வகித்த பெருவணிகர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட் (அக்கம்பெனிக் கப்பல்களில் மாலுமித் தலைவரைவிட வணிகருக்கே அதிகாரம் மிகுதி) உதவி தேடிப் படகில் பத்தாவியா நகருக்குச் சென்றார். எஞ்சியவர்களின் பொறுப்பு துணை வணிகரான யெரோனிமஸ் கொர்னேலிஸின் கைக்கு வந்தது. ஹார்லெம் நகரில் மருந்து வணிகம் செய்து நொடித்துப்போன அவர், அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொல்வித்தார்.

உணவும் நீரும் குறைவு என்பதும், மீட்க வரும் கப்பலைக் கைப்பற்றிக் கடற்கொள்ளைக்குச் செல்லும் திட்டமும் இக்கொலைகளுக்கு உலகியல் காரணங்கள். ஆனால் பெல்சார்டின் குறிப்பேடு இவற்றோடு ஒரு கொள்கையையும் பதிவு செய்கிறது. கடவுள் முழுமையான நன்மையாக இருப்பதாலும், மனிதனின் உள்ளத்தில் எழும் எண்ணங்களைத் தருபவர் அவரே ஆதலாலும், தான் செய்யும் எதுவும் தீமையாகாது என்று கொர்னேலிஸ் தம் கூட்டத்தாருக்குக் கற்பித்திருந்தார்; நரகமும் பிசாசும் வெறும் கட்டுக்கதைகள் என்றும் அவர் சொல்லிவந்தார். சமய ஒழுக்க விதிகள் அருள் பெற்றவனைக் கட்டுப்படுத்தா என்னும் இத்தகைய போக்கு ஐரோப்பியக் கிறித்தவத்தில் அதற்கு முன்பும் தலைகாட்டியதுண்டு.

டச்சுச் சீர்திருத்தத் திருச்சபைக்கு இது தன் முகத்தையே கோணலாகக் காட்டிய கண்ணாடி. 1618, 1619ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரில் கூடிய அத்திருச்சபையின் பேரவை, மீட்படைவோரைக் கடவுள் உலகம் தோன்றுமுன்பே தம் விருப்பப்படி தெரிந்துகொண்டார் என்ற 'முன்குறிப்பு'க் கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. அதே மூச்சில், பாவத்திற்குக் கடவுள் காரணர் என்பதைத் தெய்வ நிந்தை என்றும் விலக்கியது. தமிழ் மரபின் ஊழ்க் கொள்கை இதனின்று அடிப்படையிலேயே வேறானது. ஊழ் தன் வினையின் பயனாக ஒருவனை வந்தடைவது, முன்குறிப்போ எவ்வினையையும் பாராமல் அமைவது. எனவே பொறுப்பைப் பற்றிய கேள்வி முன்குறிப்புக் கோட்பாட்டில் இன்னும் கூர்மையாக எழுந்தது. டோர்ட் பேரவை வகுத்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டு, எல்லாம் இறைச்செயல் என்ற பாதியை மட்டும் கொர்னேலிஸ் வைத்துக்கொண்டார்.

மறுபாதியைச் சுமந்தவர் கப்பலின் போதகர் கிஸ்பெர்ட் பாஸ்தியான்ஸ். ஜூலை 21ஆம் நாள் இரவு, அவரும் மூத்த மகளும் கொர்னேலிஸின் கூடாரத்தில் விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்த நேரத்தில், அவருடைய மனைவியும் மற்ற ஆறு பிள்ளைகளும் பணிப்பெண்ணும் கொல்லப்பட்டனர். மறுநாள் அழுத அவரிடம், அழக்கூடாது என்றார்கள். உயிர் தப்பிய பின் அவர் உறவினருக்கு எழுதிய கடிதத்தில், நேர்ந்தவற்றை இறைவன் கையிலிருந்து வந்த சோதனையாகவே ஏற்கிறார். அதற்காகக் கொலையாளிகளின் குற்றத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை.

இருவர் வாயிலும் 'இறைவன் சித்தம்' என்ற ஒரே சொல்தான். தர்க்கத்தால் மட்டும் ஆராய்பவர் இருவரும் ஒரே முற்கோளிலிருந்து தொடங்குகிறார்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் பட்டவர் தம் துயரைப் பற்றிச் சொல்வதும், செய்தவர் தம் செயலைப் பற்றிச் சொல்வதும் ஒரே கூற்று ஆகா. முன்னது தாங்க முடியாததைத் தாங்குவதற்கான வழி. பின்னது 'நான் செய்தேன்' என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கான வழி. இறைவனின் செயலைப் பற்றிய கூற்றுக்கு அதைச் சொல்பவர் நிற்கும் இடமும் பொருள் தருகிறது என்பதைத் தத்துவ நூல்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தவிர்ப்பு கொர்னேலிஸின் செய்கையிலும் தென்படுகிறது. இத்தனை பேரைக் கொல்வித்தும் அவர் தம் கையால் யாரையும் கொன்று முடிக்கவில்லை. மருந்து வணிகராதலால் ஒரு கைக்குழந்தைக்கு நஞ்சு கலந்து கொடுத்தார். குழந்தை நோயுற்றதே அன்றிச் சாகாததால், அதன் கழுத்தை நெரிக்க வேறொருவரைக் கட்டாயப்படுத்தினார். ஏவுவது மட்டுமே தம் பங்கு என்றிருந்தார்.

செப்டம்பரில் பெல்சார்ட் மீட்புக் கப்பலோடு திரும்பி விசாரணை நடத்தினார். அக்கால டச்சுச் சட்டப்படி மரண தண்டனைக்குக் குற்றவாளியின் ஒப்புதல் பெரிதும் வேண்டியிருந்தது. சித்திரவதையில் பெற்ற வாக்குமூலத்தைப் பின்னர் சித்திரவதையின்றி அவரே உறுதிசெய்யவும் வேண்டும். கொர்னேலிஸ் ஒப்புக்கொண்டு மறுத்தார், மீண்டும் ஒப்புக்கொண்டு மீண்டும் மறுத்தார். அந்த நடைமுறையின் கொடுமை மறுக்க இயலாதது. ஆயினும் அவருடைய கொள்கை எந்தச் சொல்லை இல்லாமலாக்க முயன்றதோ அதையே அது அவரிடம் கேட்டது.

1629 அக்டோபர் 2ஆம் நாள், இரு கைகளும் வெட்டப்பட்ட பின் அவர் தூக்கிலிடப்பட்டார். தாம் தவறு எதுவும் செய்யவில்லை என்றே இறுதிவரை கூறினார் என்று பாஸ்தியான்ஸ் எழுதுகிறார். தூக்குமேடையில் கொர்னேலிஸ் பழிக்குப் பழி வேண்டும் என்று கூவியதையும், இவ்வுலகில் கிடைக்காத நீதியைக் கடவுளின் நியாயாசனத்தின் முன் கேட்கப்போவதாகக் கூறித் தமக்குத் தீர்ப்பளித்தவர்களை அங்கே அழைத்ததையும் பதிவுகள் காட்டுகின்றன. தீமை என்றொன்று இல்லை எனக் கற்பித்தவர், தமக்கு இழைக்கப்பட்டதாகக் கருதியதைத் தீமை என்றே அழைத்து, அதற்குப் பொறுப்பானவர்களையும் சுட்டிக்காட்டினார். மற்றவர்களின் செயலும் இறைவன் தந்த எண்ணமே என்று அவர் அப்போது சொல்லவில்லை.