யார் வேலை அது?

புது வீட்டில் அரைகுறையாக நிற்கிற வேலைகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பேருடைய வேலை சந்திக்கிற இடத்தில்தான் அவை இருக்கும். குழாய் பதிக்கச் சுவரைப் பொளித்த பிளம்பர், பூசி மூடுவது கொத்தனார் வேலை என்பார். கொத்தனாரோ, நான் பூசிக் கொடுத்த சுவரை உடைத்தவர்தான் அடைக்க வேண்டும் என்பார். நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பெயிண்டர் பட்டி வைத்து அடைத்துக்கொள்வார் என்று ஆசாரி நம்பியிருப்பார். பெயிண்டர் அந்த இடைவெளிக்குள்ளும் ஒரு கோட்டிங் அடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட்டார்கள், வீடுதான் முடியவில்லை.

கோவில்பட்டியில் நாங்கள் கட்டிய வீட்டிலும் குடியேறிய பிறகு இப்படிப் பல கண்ணில் பட்டன. கிரைண்டருக்கென்று வைத்த பிளக்கில் கரண்ட் இல்லை. பெட்டிக்குப் பின்னால் ஒயரே இழுக்கவில்லை. பக்கத்துக் காலி மனையைப் பார்த்த சுவர் பூச்சில்லாமல் செங்கல்லாக நின்றது. குளியலறையில் வாட்டம் தப்பி, தண்ணீர் போக வேண்டிய துவாரத்தை விட்டுவிட்டு மூலையில் தேங்கியது. இதைக் கண்டுபிடித்தவர் ரசமட்டம் வைத்துப் பார்த்த ஆள் அல்ல. காலை அளந்து அளந்து வைக்கிற அம்மாதான்.

மேஸ்திரிக்குப் போன் போட்டால், "நாளைக்கு ஆள் அனுப்புதேன் அண்ணாச்சி" என்பார். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அனுப்ப வேண்டும் என்றுதான் நினைக்கிறார். ஆனால் அந்த நாளைக்கு அவருடைய கொத்தனாரும் சித்தாளும் வேறொரு ஊரில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரப் பூச்சுக்கு ஒரு முழு நாள் சம்பளம் கொடுத்து ஆள் அனுப்ப அவருக்குக் கட்டுப்படியாகாது. வேலை சின்னதாக இருப்பதே அது நடக்காமல் போவதற்குக் காரணம். போதாததற்கு, ஆடி பிறக்கும் முன் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று தேதி குறித்துவிடுகிறோம். ஒருவர் பின் ஒருவராக வர வேண்டிய டைல்ஸ்காரரும் எலக்ட்ரீஷியனும் பெயிண்டரும் கடைசி வாரத்தில் ஒரே அறைக்குள் முட்டிக்கொள்கிறார்கள். ஈரம் காயாத பூச்சின் மேல் பட்டி ஏறுகிறது. கிரகப்பிரவேசத்தன்று வேட்டி துண்டு வாங்கிக்கொண்ட பிறகு, அவர்கள் மனதில் அந்த வீடு முடிந்த வீடு.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கழுகுமலை இருக்கிறது. அங்குள்ள வெட்டுவான் கோயில், 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் குடையப்பட்டு, முடியாமலே நின்றுவிட்டது. மேலிருந்து கீழாகச் செதுக்கியதால் சிகரம் முழுமையாக இருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. எதுவரை முடிந்தது, எங்கே நின்றது என்று யாரும் கையால் காட்டிவிடலாம். நம் வீடுகளில் அந்த வசதி கிடையாது. மீதி வேலை கதவுக்குப் பின்னால், சிங்குக்கு அடியில், மோட்டார் பெட்டிக்குள் என்று சிதறிக் கிடக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அடுக்குமாடியில் வீடு வாங்கியவருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் திட்டமாக இருந்தால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் சொல்லப்படும் கட்டுமானக் குறையை 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டியவருக்கு அது பொருந்தாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வீடு கட்டித் தருவதையும் அது சேவை என்றே கொள்கிறது. ஆனால் மேஸ்திரி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவர் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எழுதியிருக்கிறோம். ஒரு பிளக்குக்காக கோர்ட்டுக்குப் போகிறவர் யார்? கடைசி பில்லில் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்தால் அதுதான் நம் பிடி.

எனக்குக் கவலை மேஸ்திரியைப் பற்றியது அல்ல, நம்மைப் பற்றியது. முதல் வாரத்தில் ஒவ்வொரு குறையும் முள்ளாகக் குத்துகிறது. சில மாதத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. (விருந்தாளியின் கண் மட்டும் நேராக அங்கேதான் போகும்.) குளியலறை மூலையை மிதிக்காமல் நடக்க வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டோம். கிரைண்டர் ஹாலுக்கு வந்துவிட்டது. வீட்டின் குறை குடும்பத்தின் பழக்கமாக மாறிய பிறகு, அதை யாரும் குறை என்றே சொல்வதில்லை. அதனால் பழகும் முன்பே எழுதி வைப்பது நல்லது என்பேன்.

எழுதிய எல்லாவற்றையும் துரத்த வேண்டியதில்லை. தண்ணீர், கரண்ட், கால் வழுக்குவது: இந்த மூன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எர்த் சரியில்லாத பிளக்கைக் கூச்சப்பட்டு விட்டுவைக்க முடியாது. விரிசல்களுக்குச் சற்றுப் பொறுக்கலாம். எங்கள் ஊர்க் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண். ஓர் ஐப்பசி மழையும் ஒரு சித்திரை வெயிலும் கண்ட பிறகுதான் எது வெறும் பூச்சு விரிசல், எது சுவரோடு போகிற விரிசல் என்று தெரியும். அதற்குமுன் பூசினால் பூச்சுக்கூலி வீண். வெளிப்பூச்சில்லாத சுவரை நான் விட்டுவிட்டேன். பக்கத்து மனைக்காரர் வீடு கட்டினால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அவர் கட்டுகிற வரை சாரல் அதில்தான் அடிக்கும் என்பது என் மனைவியின் வாதம். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மொட்டை மாடியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அதுவும் முடியாத வேலைதான். ஆனால் அதை யாரும் குறை என்பதில்லை. பின்னால் மாடி எடுக்க விட்டது என்கிறோம். துரு ஏறாமல் சிமெண்ட் பால் பூசி வைத்திருக்கிறோம். மகன் திரும்பி வந்து மாடி எடுப்பானா என்று தெரியாத வீடுகளிலும் அந்தக் கம்பிகளுக்கு இந்த மரியாதை உண்டு.

இப்போதைக்கு பிளக் சரியாகிவிட்டது. வேறொரு எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுத்துத்தான். குளியலறைத் தரையைக் கொத்தி எடுத்து வாட்டம் திருத்த ஆள் சொல்லியாயிற்று. மாடிப்படிக்குக் கைப்பிடி பாக்கி. அதைச் சித்திரைக்குள் போட்டாக வேண்டும். வெயில் வந்தால் அம்மா வற்றல் காயப்போட மாடிக்கு ஏறுவார், போகாதீர்கள் என்று சொல்லி அவரைத் தடுத்தவர் எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இல்லை.