குப்பைமேட்டில் ஒரு விளக்கு

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இரண்டு திங்களை நம் முன்னோர் கூதிர் என்று பெயரிட்டு அழைத்தார்கள். வயலில் நடவு முடிந்து, வழியெல்லாம் சேறாகி, வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும் அந்தப் பருவத்தில் மனிதனுக்கு வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. ஈர விறகு புகைந்து அடுக்களையில் இருப்பவளின் கண்ணைக் கரிக்கும். வெளியே ஓட வழியில்லாத குழந்தைகள் கூடத்திலேயே சண்டையிட்டு, கூடத்திலேயே சமாதானமாகி, மறுபடியும் சண்டையிடுவார்கள். தீபாவளிப் பட்சணத்தின் கடைசித் தூளும் பாத்திரத்தின் அடியிலிருந்து மறைந்து, அடுத்த பண்டிகை எப்போது என்று அவர்கள் கேட்கத் தொடங்கும் சமயத்தில், பௌர்ணமிச் சந்திரன் கிருத்திகை நட்சத்திரத்தோடு கூடும் திருக்கார்த்திகை வந்து வாசலில் நிற்கும்.

இப்படி நாலு சுவருக்குள் ஒடுங்கி, ஒரே அடுப்பின் சோற்றை உண்டு, ஒருவர் இருமினால் மற்றவர் விழித்துக்கொள்ளும்படி நெருங்கி வாழ்கிற குடும்பத்தின் அன்பு இருக்கிறதே, அதை அறம் என்று சொல்லலாமா என்பது எனக்கு நெடுநாளாக உள்ள சந்தேகம். என் பிள்ளை, என் மனைவி, என் வீடு என்று ஒருவன் தன்னைச் சுற்றி இழுத்துக்கொள்ளும் வட்டம், சுயநலத்தின் சற்றே பெரிய உருவந்தானே? சம்சாரத்தைச் சாகரம் என்றும் விலங்கு என்றும் துறவிகள் நிந்தித்ததற்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. வள்ளுவரோ இல்வாழ்க்கையை அறங்களுள் முதலில் வைத்துப் பேசினார். வீட்டை விட்டு வெளியேறிய பட்டினத்தடிகளும் பெரியவர். வீட்டைப் புகழ்ந்த வள்ளுவரும் பெரியவர். வெளியேறத் துணிவில்லாமலும், இருப்பதற்குத் தகுதி உண்டா என்று நிச்சயம் இல்லாமலும் இடையில் நிற்பவர்கள் நாம். இந்தச் சந்தேகத்தை என் உள்ளத்தில் முதலில் விதைத்தது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த ஒரு குப்பைமேடு என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆனாலும் அதுதான் உண்மை.

காவிரிக் கரையில் எங்கள் கிராமம். கார்த்திகைக்கு முதல் நாளே, குயவர் வீட்டிலிருந்து வந்த புது அகல்களைப் பாட்டி தண்ணீரில் ஊறப்போட்டு விடுவாள். ஊறாத அகல், ஏற்றின நாழிகையிலேயே எண்ணெயைக் குடித்துவிடும் என்பது அவள் அநுபவம். மறுநாள் பிற்பகல் முழுவதும் பொரியுருண்டை வேலை. வெல்லப் பாகைத் துளி துளியாகத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தாம்பாளத்தில் போட்டுப் பார்ப்பாள். அது கணீரென்று ஒலித்தால்தான் பதம். சுடச்சுடக் கொட்டிய பாகில் நெற்பொரியும் தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் கலந்து, கை பொறுக்காத சூட்டிலேயே உருண்டை பிடித்தாக வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். அம்மாவும் அத்தையும் உள்ளங்கை சிவக்கப் பிடித்து வைக்கும் உருண்டைகளை, நாங்கள் எண்ணுவதாகப் பாவனை செய்து குறைத்துக்கொண்டிருப்போம். தெருவில் பெரிய பையன்கள், பனம்பூவைச் சுட்டுப் பொடித்த கரியைத் துணியில் பொதிந்து, பனமட்டைத் துண்டுகளின் நடுவே வைத்துக் கட்டி, மாவளி சுற்றத் தயாராவார்கள். கோவிலுக்கு முன்னால் சொக்கப்பனை எழும்பிக்கொண்டிருக்கும்.

அந்தி மயங்கியதும் விளக்குகள் புறப்படும். முதலில் சுவாமி மாடம். பிறகு கூடம், வாசற்கோலம், திண்ணை, துளசி மாடம், கிணற்றடி, மாட்டுத் தொழுவம். எல்லாம் ஆன பிறகு பாட்டி ஓர் அகலை எடுத்துக்கொண்டு, காற்றுக்கு மறைவாகக் கையைக் குவித்து, கொல்லைக் கோடியில் உள்ள குப்பைமேட்டுக்கு நடப்பாள். சாணமும் சாம்பலும் எச்சில் இலையும் மக்கிக் கிடக்கும் அந்த மேட்டில், இடுப்பு வலிக்க மெதுவாகக் குனிந்து, கையால் சிறிது இடத்தைச் சமன்செய்து, விளக்கை வைப்பாள். ஒரு வருஷம் நான் கேட்டேன், "குப்பைக்கு எதுக்குப் பாட்டி விளக்கு?" என்று. "அதுவும் நம்ம வீட்டுதுதானேடா. நாமதானே கொட்டினோம்?" என்றாள்.

அவ்வளவுதான் அவள் வியாக்கியானம். எண்ணிப் பார்க்கையில், இதைவிடப் பெரிய வியாக்கியானம் எனக்கு அகப்படவில்லை. வேண்டாம் என்று நாம் ஒதுக்கியதாலேயே ஒரு பொருள் நம்முடையது அல்லாமற் போய்விடுவதில்லை. வீட்டின் கழிவெல்லாம் சேர்ந்த அந்த மேட்டில்தான் பறங்கிக்கொடி தானாக முளைத்துக் காய்த்தது. அதிலிருந்து வண்டி வண்டியாகப் போன எருவினால்தான் வயல் விளைந்தது. சுவாமி மாடத்தில் வைத்த நைவேத்தியத்துக்கும் குப்பைமேட்டுக்கும் உள்ள பந்துத்துவத்தைப் பாட்டியின் விளக்கு அறிந்திருந்தது.

ஆனால் அதே மாலையில் வேறொன்றையும் கண்டேன். எங்கள் வயலில் உழுத பண்ணையாள் கொல்லைப்புறத்து வேலிக்கு அப்பால் வந்து நின்றான். பாட்டி பொரியுருண்டையை எடுத்துச் சென்று, அவன் விரித்துப் பிடித்த துண்டில், ஒரு முழ உயரத்திலிருந்து போட்டாள். கொடுத்ததில் குறைவு இல்லை; எங்களுக்குக் கொடுத்ததைவிட இரண்டு அதிகமாகவே இருக்கும். ஆயினும் குப்பைமேட்டைத் தொட்ட கை, அந்த மனிதனின் துண்டைத் தொடவில்லை. அதைப்பற்றிக் கேள்வி கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றாமற்போனதே குற்றம் என்று இன்று தெரிகிறது.

கார்த்திகை விளக்கு ஏற்றுகையில் பெரியவர்கள் சொல்வதுண்டு, ஒரு வடமொழிச் சுலோகம். புழுவும் பறவையும் கொசுவும் மரமும், நீரிலும் நிலத்திலும் வசிக்கும் சகல ஜீவராசிகளும், மனிதருள் தாழ்ந்தவர் என்றும் உயர்ந்தவர் என்றும் சொல்லப்படுகிற யாவரும், இந்தத் தீபத்தைக் கண்டு பிறவித் துன்பம் நீங்குக என்பது அதன் கருத்து. மரத்துக்குக் கண் ஏது, அது எப்படிக் காணும் என்று கேட்கலாம். ஒளியைத் தேடி மரம் போக வேண்டியதில்லை. ஒளி வந்து மரத்தின்மேல் விழுந்தால் போதும். தகுதியை விசாரித்துக்கொண்டு விழும் ஒளி உலகத்தில் கிடையாது. நக்கீரர் பாடிய அகநானூற்றுப் பாட்டில் இடம்பெறும் அளவுக்குத் தொன்மையான இந்த விளக்கீடு, இத்தனை நூற்றாண்டுகளாக வாசலில் நின்று இதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. விளக்கை ஏற்றிய கைகள்தாம் அதைக் கேட்கவில்லை.

விளக்கேற்றுவதில் பேர்பெற்ற ஒரு நாயனாருக்கே இந்தச் செவிட்டுத்தன்மை இருந்ததைப் பெரியபுராணம் மறைக்காமல் சொல்கிறது. திருவாரூர்க் கோவிலில் தண்ணீரை வார்த்து விளக்கெரித்தவர் நமிநந்தியடிகள். அவர் பங்குனி உத்திரத்தின்போது இறைவன் திருமணலிக்கு எழுந்தருளிய விழாவுக்குப் போய்விட்டு இரவில் வீடு திரும்பினார். எல்லாக் குலத்தாரோடும் கலந்து வந்ததால் தீட்டு என்று கருதி, உள்ளே நுழையாமல் புறங்கடையிலேயே நின்று, நீராடத் தண்ணீர் கொண்டுவரும்படி மனைவியைக் கேட்டார். அங்கேயே கண்ணயர்ந்தவரின் கனவில் இறைவன் தோன்றி, ஆரூரில் பிறந்தவர்கள் அனைவரும் தம் கணங்களே என்று உணர்த்தினான். விழித்தவர் நீராடாமலே உள்ளே ஓடிப் பூசையை முடித்து, மறுநாள் அவ்வூரார் யாவரையும் சிவசொரூபமாகவே கண்டார். தண்ணீரால் விளக்கெரிக்கும் சித்தி வாய்த்தவருக்கும், தம் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதற்கு ஒரு கனவு தேவைப்பட்டது.

ஆகவே குடும்பத்தின் அன்பு அறமா என்ற கேள்விக்கு, அது அந்த வாசற்படியில் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்று எனக்குப் படுகிறது. வள்ளுவர் அன்பு, அருள் என்ற இரண்டையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தார். தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு என்றும், தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்றும் பரிமேலழகர் பிரித்துக் காட்டினார். இன்னோரிடத்தில் வள்ளுவரே அருளை அன்பு ஈன்ற குழந்தை என்று உருவகித்து, அக்குழந்தையை வளர்க்கும் செவிலியாகப் பொருளைச் சொன்னார். வீட்டின் அன்பை அவர் இகழவில்லை. அதைத் தாய் ஆக்கினார். பெற்றெடுக்க வேண்டியதைப் பெறாத அன்பு மலடு என்பதும், வீட்டன்பே இல்லாதவனுக்கு அருள் ஆகாயத்திலிருந்து வந்து பிறந்துவிடாது என்பதும் அந்த உருவகத்தினுள்ளேயே அடங்கியிருக்கின்றன.

"ஒளிக்கு எல்லை இல்லை, சரி, எண்ணெய்க்கு எல்லை உண்டே?" என்று குடும்பஸ்தன் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு படி எண்ணெயில் எத்தனை அகல்? அதற்கு ஐப்பசி மாதத்தில் அவதரித்த முதலாழ்வார் மூவரின் வரலாறு பதில் சொல்கிறது. மழை கொட்டும் இரவில், திருக்கோவலூரில் ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தார் வந்தார், ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமர்ந்தார்கள். பேயார் வந்தார், இருவர் அமரும் இடத்தில் மூவர் நின்றார்கள். இடம் ஓர் அங்குலமும் பெருகவில்லை. இருந்தவர்கள் தங்கள் சௌகரியத்தைக் குறைத்துக்கொண்டார்கள். மூவர் நின்ற நெருக்கத்தில்தான் நான்காமவனாக வந்து நெருக்கியவன் யார் என்ற வினா எழுந்தது. பாட்டே விளக்காகி, அவன் இறைவனே என்று காட்டியது. முதலில் வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு சுகமாக உறங்கியிருந்தால், அந்த இரவு வெறும் மழை இரவாகவே கழிந்திருக்கும்.

வடலூரில் 1867-இல் தருமசாலை அமைத்துப் பசித்தவர்க்கு அடுப்பு மூட்டிய இராமலிங்க அடிகள், 1874-ஆம் ஆண்டு தை மாதம் மேட்டுக்குப்பத்துத் திருமாளிகையின் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொள்வதற்குச் சற்று முன்னர், 1873-ஆம் ஆண்டின் கார்த்திகையில் ஒரு காரியம் செய்தார்: உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கை எடுத்துப் புறத்தே வைத்து, அதைத் தடையின்றி வழிபட்டு வருமாறு அன்பர்களுக்குச் சொன்னார். அவருடைய உபதேசங்கள் பலவற்றுக்கும் இந்த ஒரு செய்கை உரையாக நிற்கிறது.

இன்று நகரத்தில் ஒட்டுக்குடித்தனம். கொல்லையும் இல்லை, குப்பைமேடும் இல்லை. தெரு முனையில் ஒரு குப்பைத்தொட்டி உண்டு. மாடிப்படி முழுவதும் அகல்களை வரிசையாக ஏற்றி முடித்த பிறகு, என் மனைவி ஒன்றை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். இருவரும் தெரு முனைக்குப் போவோம். சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் முதலில் இருந்தது, இப்போது இல்லை. போன வருஷம், வண்டி தள்ளி வந்து அந்தத் தொட்டியைக் காலிசெய்கிற தொழிலாளி அங்கே நின்றிருந்தான். அவனுக்கென்று பொரியுருண்டை கொண்டுபோயிருந்தோம். விளக்கை வைக்கக் குனிந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. அகலை ஒரு முழ உயரத்திலிருந்து போட முடியாது. எண்ணெய் சிந்தும், திரி அணையும். எந்த இடமானாலும் முதுகை வளைத்து, கை தரையில் பட, வைத்தால்தான் அது விளக்கு. பாட்டிக்கும் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பாடம் நடந்தது. அவள் இடுப்பு அதைக் கற்றிருந்தது. நிமிர்ந்தேன், பொரியுருண்டையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். மழையில் நனைந்து அவன் கை சில்லென்றிருந்தது.