பல்லும் பகட்டும்

பதில் சொல்ல எழும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அதை நாணம் என்றே நான் எண்ணினேன். நாணத்தைப் பெண்மையின் அணியென்று இலக்கிய வகுப்பில் கற்பித்துக்கொண்டிருந்தவன் வேறு எவ்வாறு எண்ணுவான்? உண்மையில், அவளுடைய மேல்வரிசைப் பற்கள் முன்துருத்தி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒருநாள் அவளுடைய தாய், கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த நெற்றியோடு வந்து நின்றாள். "சேர், பல்லுக்குக் கம்பி போட்டா நேராகுமுன்னு சொல்றாங்க. கூட்டிக்கிட்டுப் போகட்டுங்களா?" என்றாள்.

"படிப்பைப் பாருங்கள் அம்மா, அழகை அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த விடையில் ஓர் அரையுண்மை இருந்தது என்பதை இன்றும் மறுக்கமாட்டேன். பல்வரிசைக் கோளாறுகளை 1899இல் வகைப்படுத்திய அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், முகப் பொலிவின் இலட்சியமாகப் போற்றியது அப்பலோ தேவனின் சிலையொன்றை. அச்சிலையின் முகவெட்டு மஸ்கெலியாப் பெண்ணுக்கு ஏன் பொருந்தவேண்டும்? பல்லை வெண்சுண்ணம்போல் ஆக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களோ இன்னும் மோசம். இயற்கையான பல்லுக்கே இளமஞ்சட் சாயல் உண்டு. முதலில் குறையைக் கற்பித்து, பின்னர் அதற்கு மருந்து விற்பது வாணிபத்தின் பழைய வித்தை.

ஆனால், அந்தத் தாய் என்னிடம் கேட்டது வெண்மையை அல்லவே! நெருங்கிக் கிடக்கும் பற்களிடையே தூரிகை செல்லாது, அழுக்குத் தங்கும். துருத்திய பல், விழுந்தால் முதலில் உடையும். இவற்றையெல்லாம்விட, வாய் திறக்க அஞ்சும் பிள்ளை கேள்வி கேட்பதில்லை. நான் பார்க்கச் சொன்ன படிப்புக்கே அந்தக் கை குறுக்கே நின்றது.

கம்பி பல்லை ஒரேயடியாக இழுத்து நிறுத்திவிடுவதில்லை. மெல்லிய அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிதாய் வளர்கிறது. பெரும்பாலும் ஈராண்டு வரை, சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்லவேண்டும். அரசாங்க மருத்துவமனையில் கட்டணமில்லை என்பார்கள். ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனைப் பல்மருத்துவமனைக்குப் போய்வர ஒரு பகல் போய்விடும். அன்று தாய்க்குப் பேர் விழாது. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021இல்தான் நாட்கூலி 1000 ரூபாயாயிற்று என்பதை நினைத்துப் பாருங்கள். இலவசம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் விலை இது.

நண்பர் ஒருவர் வாதிட்டார்: "லயத்துக் கிழவிகளின் வாயைப் பார். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வாயை அரிக்கின்றன. புற்றுநோய் இருக்கையில் பல்வரிசைக்கு என்ன அவசரம்?" பாக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. மலையேற்றத்தில் பசியையும் குளிரையும் அடக்க அவர்களுக்கு வாய்த்தது அதுதான். ஆகவே, இருப்பது ஒரே மருத்துவரென்றால் அவர் கிழவியிடமே முதலில் போகட்டும். அதில் எனக்குத் தர்க்கமில்லை. எனினும், இந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு நாம் லயத்துக்கு மட்டும் வருவானேன்? கொழும்பில் கம்பி போட்டுக்கொள்ளும் செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் கிழவியின் கணக்கை யாரும் கேட்பதில்லை. ஏழையின் ஆசைதான் எப்போதும் இன்னோர் ஏழையின் நோயோடு நிறுக்கப்படுகிறது.

அவமானத்தைப் படைப்பது சமூகம் என்று மேடையில் நானும் பேசியிருக்கிறேன். அது மெய்தான். ஆனால், சமூகம் மாறும்வரை வாயைப் பொத்திக்கொண்டிரு என்று ஒரு பதினான்கு வயதுச் சிறுமியிடம் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? தேயிலைப் பெட்டியின் மேல் கொழுந்து பறிக்கும் பெண் பல்வரிசை தெரியச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குச் சந்தையில் விலையுண்டு. அதைப் பகட்டென்று எவரும் சொல்வதில்லை.

அந்தத் தாய் மறுபடி என்னிடம் கேட்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் எடுத்த வகுப்புப் படம் என்னிடம் இருக்கிறது. படம் பிடிப்பவர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கவேண்டும், எல்லாரும் சிரிக்கிறார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் அவள், கையை உயர்த்தக் கூடாதென்று யாரோ சொன்னதால், உதட்டை இறுக மூடி நிற்கிறாள்.