சொல்லாமல் இருப்பதுதான் அறமா?

திருச்சியில் மெயின்கார்டு கேட்டைத் தாண்டித் தெப்பக்குளம் பக்கம் வருகிறவர் கண்ணில் லூர்து அன்னை ஆலயத்தின் ஊசிக்கோபுரமும் மலைக்கோட்டையும் ஒருசேரப் படும். கொஞ்ச தூரத்தில் நத்தர் வலி தர்கா. காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். இவ்வளவும் இத்தனை நெருக்கத்தில் இருக்கும் ஊரில் எழுதாத உடன்பாடு ஒன்று இருக்கிறது. அவரவர் சாமி அவரவருக்கு, அடுத்தவரிடம் அந்தப் பேச்சே வேண்டாம் என்பது. கிறிஸ்தவர்கள் விஷயத்தில் இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்வார்கள். பள்ளிக்கூடம் நடத்துங்கள், ஆஸ்பத்திரி நடத்துங்கள், நல்ல காரியம். இயேசுவைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். கிறிஸ்தவர்களிலும் பலர் இதற்கு மனமாரத் தலையாட்டுகிறார்கள். வாழ்க்கையே சாட்சி, வாயால் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள்.

பண்பான பேச்சுதான். ஆனால் அறம் என்று எடுத்துக்கொண்டு பார்த்தால் இதில் ஒரு குறை இருக்கிறது, அதுவும் சின்னக் குறை அல்ல. சேவை பெற்றவரின் தோளில் நன்றி என்கிற பாரம் ஏறுகிறது. பிள்ளைக்கு இடம் கொடுத்த பள்ளி, நோயில் கைகொடுத்த மருத்துவமனை, பஞ்சத்தில் அரிசி தந்த கை ஆகியவற்றுக்கு முன் யாரும் எளிதில் முகம் திருப்பிக்கொள்ள முடியாது. சொல் அப்படி இல்லை. ஒருவர் தன் நம்பிக்கையை வாய்விட்டுச் சொன்னால் எதிரே இருப்பவர் மறுக்கலாம், கேள்வி கேட்கலாம், சிரித்துவிட்டு எழுந்து போகலாம். நோக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு மௌனமாகச் செய்யும் உதவியைவிட, இன்னதை நம்புகிறேன், இன்ன காரணத்துக்காக நம்புகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது நேர்மையானது. கேட்பவருக்கு அதில்தான் மரியாதை அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கிறிஸ்தவ நம்பிக்கை வெறும் ஒழுக்க விதிகளின் தொகுப்பாக இருந்தால் வாழ்ந்து காட்டினால் போதும். அது தன்னை ஒரு செய்தியாகத்தான் சொல்லிக்கொள்கிறது: ஒருவர் வாழ்ந்தார், சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார். நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை நடத்தையால் தெரிவிக்க வழியில்லை. எவ்வளவு நல்லவராக ஒரு நர்ஸ் இருந்தாலும், அவருடைய பொறுமையிலிருந்து நோயாளிக்குத் தெரிவது அவர் நல்லவர் என்பது மட்டுமே. அந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் சொல்லாவிட்டால், பெருமை முழுவதும் அவருக்கே வந்து சேர்கிறது. அடக்கத்துக்காகக் காத்த மௌனம் அடக்கத்துக்கு நேர் எதிரான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 10ஆம் அதிகாரம் விசுவாசத்தைக் கேள்வியோடு, அதாவது காதால் கேட்பதோடு, இறுக்கிக் கட்டியிருப்பதும் இதனால்தான்.

ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இந்தத் தர்க்கம் அந்நியமாக இருக்க நியாயமில்லை. அவர்கள் உடையவர் என்று கொண்டாடும் ராமானுஜரின் கதையில் மிகவும் புகழ்பெற்ற கட்டம் திருக்கோஷ்டியூரில் நடப்பது. ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்துபோய், குரு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ரகசியமாகப் பெற்ற உபதேசத்தை, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை மீறி ஊரறியச் சொன்னார் என்கிறது குருபரம்பரை. மீறினால் நரகம் என்று தெரியுமா என்று குரு கேட்டபோது, இத்தனை பேர் கரையேற நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்றாராம். உயிருக்கு நல்லது என்று ஒருவர் முழு மனதோடு நம்பும் ஒன்றை அவர் தனக்குள் பூட்டி வைப்பது அறமாகாது என்ற தீர்ப்பு இந்த மண்ணின் வைணவத்திலேயே இருக்கிறது. நம்பியே கடைசியில் கோபம் தீர்ந்து அவரை எம்பெருமானார் என்று தழுவிக்கொண்டார். இதைப் போற்றுகிறவர், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் தன் வேதத்தைப் பற்றிப் பேசுவதையே குற்றம் என்று சொல்வதானால் அதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும்.

அதே கதையில் கிறிஸ்தவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சொன்னதற்கான விலையைச் சொன்னவர் ஏற்றுக்கொண்டார். கேட்டவர் எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மதப்பிரசாரத்தில் எது தகும், எது தகாது என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கடினம். சொல்கிறவருக்குச் சிரமமா, கேட்கிறவருக்குச் சிரமமா? படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளியின் காதில் ஓதுவது, ஹாஸ்டல் பிள்ளையைக் கட்டாயமாக ஜெபத்துக்கு உட்கார வைப்பது, தெரு முழுக்கக் குழாய் ஒலிபெருக்கி கட்டி விடிகாலையில் அலறவிடுவது எல்லாமே விலையைக் கேட்பவர் தலையில் கட்டுபவை. எழுந்து போக முடியாதவரிடம் பேசுவது உரையாடல் ஆகாது. (ஒலிபெருக்கி விஷயத்தில் இந்த ஊரில் எந்த மதமும் மற்றதைக் குறைசொல்ல முடியாது.)

திருச்சியில் இந்தக் கேள்வியை முழு உருவத்தோடு வாழ்ந்து காட்டிய மனிதர் ஒருவர் உண்டு. பிரஷ்யாவில் 1726இல் பிறந்து 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1760களில் திருச்சிக் கோட்டைப் பகுதியைத் தன் இடமாக்கிக்கொண்டார். 1766இல் அங்கே கிறிஸ்துநாதர் ஆலயம் எழுந்தது. தமிழ் கற்றார், பாரசீகம் கற்றார், இந்துஸ்தானி கற்றார். தெருவில் யார் நின்று கேட்டாலும் அவர்களுடைய மொழியில் பதில் சொன்னார். அவரைப் பற்றிப் பேசும்போது ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. அவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குருவாகவும் சம்பளம் பெற்றவர். பீரங்கிகளின் நிழலில் நின்று பேசும் அன்பின் செய்தி, கேட்பவர் காதில் வேறு மாதிரித்தான் விழும். அந்த நிழல் அவருடைய சொல்லின் மேல் விழாமல் இருந்திருக்க முடியாது.

ஆனாலும் அவர் சொல்லை ஜனங்கள் நம்பினார்கள். ஹைதர் அலியிடம் 1779இல் சமாதானம் பேசக் கம்பெனி அவரைத்தான் அனுப்பியது. வேறு யாரையும் வேண்டாம், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் ஏமாற்றமாட்டார் என்று ஹைதரே கேட்டதாகச் சொல்வார்கள். இதைவிடப் பெரிய சான்று அதன்பின் வந்த போர்க்காலத்தில் தஞ்சாவூரில் கிடைக்கிறது. கோட்டைக்குள் பட்டினி. வெளியே குடியானவர்களிடம் நெல் இருந்தது, மாடும் இருந்தது. ஆனால் ராஜாவின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் அவர்கள் நம்பத் தயாராக இல்லை. முன்பு வாங்கியதற்கே காசு வந்து சேரவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னார். இரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன, நெல் உள்ளே போயிற்று. சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது.

வாழ்க்கையே போதும், பேச்சு வேண்டாம் என்கிறவர்கள் இந்த நிகழ்ச்சியைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். கூர்ந்து பார்த்தால் அது வேறு எதையோ காட்டுகிறது. குடியானவர்கள் நம்பியது அவருடைய வாய்ச்சொல்லை. நடத்தை அந்தச் சொல்லுக்குப் பிணை நின்றது, அவ்வளவுதான். பிணை மட்டும் இருந்து, வாக்குக் கொடுக்க வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு மாடும் அசைந்திருக்காது.

சுவார்ட்ஸின் வாழ்க்கையில் அறத்துக்கு மிகக் கடினமான சோதனை போர்க்களத்தில் வரவில்லை, ஒரு பையனின் உருவத்தில் வந்தது. தஞ்சை மன்னர் துளஜாஜி தத்தெடுத்த சரபோஜியைக் காக்கும் பொறுப்பு இந்தப் பாதிரியார் கையில் வந்தது. பிள்ளை, அரியணைக்கு உரியவன், பாதுகாப்புக்கும் படிப்புக்கும் தன்னையே நம்பியிருப்பவன். மதத்தைத் திணிக்க இதைவிட வசதியான இடம் ஒரு மிஷனரிக்கு வாய்க்காது. தன் நம்பிக்கையை அவர் அந்தப் பிள்ளையிடம் மறைத்தவரும் அல்ல. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார், இந்துவாகவே ஆண்டார். 1798இல் சுவார்ட்ஸ் இறந்தபோது மகன்போல் அழுதார். இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் வைத்தார். ஞானஸ்நானக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது தோல்வி. சொல்லவும் செய்து, மறுக்கும் உரிமையையும் முழுசாகக் கேட்பவரிடமே விட்ட இடம் என்று பார்த்தால், அந்த மனிதரின் வாழ்வில் இதற்கு இணையான வெற்றி வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

நேர்மாறான ஒரு சொல்லும் இந்த ஊரோடு ஒட்டியிருக்கிறது. பிஷப் ரெஜினால்ட் ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று காலை கோட்டைத் தமிழ்ச் சபையின் ஆராதனையை முடித்துவிட்டுத் திரும்பி, குளிக்க இறங்கிய குளத்திலேயே உயிர்விட்டார். புனித யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. புத்தூரில் அவர் பேரால் கல்லூரி இருக்கிறது. அந்த ஹீபர் இந்தியாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, 1819இல், மிஷன் பணிக்காக ஒரு பாட்டு எழுதினார். கீழ்த்திசை நாடுகளின் இயற்கையை அழகு என்று வியந்துவிட்டு மனிதரை மட்டும் இழிந்தவர் என்று சொல்லும் பாட்டு அது. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகள் நடுவே பேசிய காந்தி அந்த வரியை எடுத்துச் சொல்லி, அவர் அதை எழுதாமல் இருந்திருக்கலாமே என்று வருந்தினார். ஹீபர் கெட்டவர் அல்ல. தஞ்சையில் சரபோஜியை நேரில் சந்தித்தபோது அவருடைய அறிவைக் கண்டு வியந்து எழுதியவர் இவரே. பார்க்காத மனிதரைப் பற்றிப் பாட்டுக் கட்டினார், பார்த்தபின் வியந்தார். வருத்தம் என்னவென்றால் ஊர் ஊராகப் பரவியது பாட்டுதான். கேட்பவரைத் தாழ்த்திவிட்டுத் தொடங்கும் சுவிசேஷம் சுவிசேஷமே அல்ல. வேற்றுத் தெய்வங்களைப் பேய் என்று மைக்கில் வைது ஆரம்பிக்கும் இன்றைய பிரசங்கிகளுக்கும் இதே கணக்குதான்.

வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையை எந்த வசவும் கிறிஸ்தவர் ஆக்கவில்லை. கம்பனில் ஊறிய அந்த மனிதர் தன் இரட்சணிய யாத்திரிகத்தை எழுதியபோது பிறந்த வீட்டுத் தமிழையும் பக்தியையும் கூடவே கொண்டுபோனார். குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை எல்லா மதத்தவரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதினார்; அதே கையால் தேவமாதாவுக்கு அந்தாதியும் பாடினார். பொதுவானதைப் பேசுவதற்காகத் தனக்கென்று உள்ளதை அவர் விழுங்கவில்லை.

சட்டத்தின் பக்கம் வந்தால், அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று வாதம் எழுந்தபோது அது இருக்கட்டும் என்று பேசியவர்களில் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவப் பள்ளி கல்லூரிகளில் பல ஆண்டுகள் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்பதை அவர் அங்கே சாட்சியாகச் சொன்னார். 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை வேறு, இன்னொருவரை மாற்றும் உரிமை வேறு என்று பிரித்தது. அறத்தின்படியும் அது சரியான பிரிவுதான்: சொல்வது சொல்பவர் கையில், ஏற்பது கேட்பவர் கையில். ஆனால் 2002இல் தமிழ்நாடு கொண்டுவந்து பிறகு கைவிட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. மதம் மாறியவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ இருந்தால் தண்டனை கூடும் என்றது. சிறுவர் சரி. வளர்ந்த பெண்ணும் தலித்தும் ஒரு பேச்சைக் கேட்டு எடைபோடத் தெரியாதவர்கள் என்று எந்த அறம் சொல்கிறது?

இதைக் கேட்கும் உரிமை திருச்சிக் கிறிஸ்தவர்களுக்கு முழுசாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரைத் தனியே பிரிக்க எழுந்த சுவர் ஊரறிந்தது. கிறிஸ்துவில் யூதனும் இல்லை, கிரேக்கனும் இல்லை என்று ஞாயிறுதோறும் வாசிக்கலாம். செத்தவர் நடுவே ஒரு சுவர் நின்றால் எந்த உபதேசியாரின் வாயும் அடைபட்டுப் போகும். இதற்காகப் பேசாமல் இருந்துவிடலாம் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். அது தப்பித்துக்கொள்ளும் வழி. சொல் இருப்பதால்தான் சுவர் குற்றம் என்று தெரிகிறது. சொல்லை நிறுத்தினால் சுவருக்கு நிம்மதி. தஞ்சைக் குடியானவர்கள் கேட்டதுபோல இங்கேயும் ஜனங்கள் பிணை கேட்கிறார்கள். அதைக் கொடுக்க வேண்டிய கடமை பேசுகிறவருடையது.

பேசுகிறவருக்கு இன்னொரு கடமையும் உண்டு, பெரும்பாலும் மறக்கப்படுவது. சுவார்ட்ஸுக்கு அரை நூற்றாண்டு முன்பு தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு வெறுமனே பிரசங்கம் செய்துகொண்டிருக்கவில்லை. தமிழர்களிடம் கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார். 1712 முதல் 1714 வரை அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. தங்கள் தெய்வங்கள், சடங்குகள், நல்லொழுக்கம் பற்றி அவற்றில் தமிழர்கள் விளக்குகிறார்கள். கிறிஸ்தவர்களின் குடியையும் சுத்தமின்மையையும் மாமிசத்தையும் கூச்சமில்லாமல் கண்டிக்கிறார்கள். உங்கள் வேதம் நல்லதாயிருக்கலாம், உங்கள் நடத்தை அப்படியில்லையே என்பது அவர்கள் சொன்னதன் சாரம். சீகன்பால்கு அந்தக் கண்டனங்களைக் கிழித்துப் போடவில்லை. தன் ஊர்க்காரர்கள் படிக்கட்டும் என்று மொழிபெயர்த்து அனுப்பினார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை ஹாலேயில் இருந்த பெரியவர்கள் விரும்பவில்லை. அது அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் கதவைத் தட்டி இயேசுவைப் பற்றிச் சொல்லப் போகிறவர், அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சரணாகதியைப் பற்றி அந்த வீட்டுக்காரர் சொல்வதையும் அதே பொறுமையோடு கேட்கத் தயாராகப் போக வேண்டும். கேட்டபின் தனக்கு உடன்பாடு இல்லாததை இல்லை என்றே சொல்லலாம், அவரும் சொல்வார்.