உண்மைக்கு யார் விலை கொடுப்பது?

பொய்யான அடையாள அட்டை ஓர் உயிரைக் காக்கும் என்றால் அதைச் செய்து கொடுக்கலாம் என்று பெரும்பாலோர் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். பத்துக் கட்டளைகளைப் பிரசங்கபீடத்தில் நின்று போதிப்பவருக்கு அது அவ்வளவு லேசான காரியமில்லை.

ஆந்த்ரே த்ரோக்மே 1934இல் பிரான்சின் லெ ஷாம்போன் என்ற மலைக்கிராமத்துக்குப் போதகராக வந்தார். எந்தப் போரும் கூடாது என்பவர். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்து ஒப்பந்தம் போட்ட மறுநாளே, ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நில்லுங்கள் என்று சக போதகர் எடுவார் தேய்ஸுடன் சேர்ந்து சபைக்கு அறிவித்தார். முகாம்களில் அடைபட்ட யூதர்கள் முதலான அகதிகளுக்கு உதவ விரும்பி, மார்செய் நகரத்தில் நிவாரணப் பணி செய்த குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினரிடம் போனார்; மீட்கப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்க ஓர் ஊர்தான் தேவை என்றார்கள் அவர்கள். ஊர் இடம் கொடுத்தது. கத்தோலிக்க மன்னர்கள் தங்கள் முன்னோரை வேட்டையாடியதை அந்த மேட்டுநிலத்துப் புராட்டஸ்டண்டுகள் மறந்திருக்கவில்லை.

ஆனால் ஒளித்துவைப்பவர் பொய்யைத் தவிர்க்க முடியாது. அகதியாக வந்த ஓஸ்கார் ரோசோவ்ஸ்கி என்ற இளைஞர் போலி அட்டைகள் தயாரித்துக்கொண்டிருந்தார். த்ரோக்மேவுக்கு அது உறுத்தியது. அதற்கு முன்பே, 1942 ஆகஸ்டில் போலீஸ் யூதர்களின் பட்டியல் கேட்டபோது, அவர்களின் பெயர்கள் தனக்குத் தெரியாது என்றார். அது உண்மையே, வந்தவர்கள் மாற்றுப் பெயரில்தான் இருந்தார்கள். இது நாக்கை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அல்லவா என்று கேட்கலாம். தெரிந்தாலும் தரமாட்டேன் என்று அவர் சேர்த்துச் சொன்னதால்தான் அந்தப் பழி ஒட்டவில்லை.

அதைவிடச் சிக்கலானது, அதே மாதம், ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் இளைஞர் துறைத் தலைவர் லாமிராந் ஊருக்கு வந்தபோது பள்ளி மாணவர்கள் கொடுத்த கடிதம். எங்களிடையே யூதர்கள் இருக்கிறார்கள், பிடிக்க உத்தரவு வந்தால் ஒளிப்போம் என்று அதில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. வாய்மூடி வரவேற்றிருந்தால், ஜூலையில் பாரிசில் நடந்த யூத வேட்டைக்குச் சம்மதம் சொன்னதாகியிருக்கும். இருந்தும் அந்த உண்மையால் ஆபத்து வந்தது எழுதியவர்களுக்கல்ல, ஒளிந்திருந்தவர்களுக்கு. சில நாட்களில் போலீஸ் பேருந்துகளோடு வந்தது. பிள்ளைகளைக் காடுகளிலும் பண்ணைவீடுகளிலும் ஊரார் மறைத்திருந்ததால் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பியது. அந்தக் கடிதத்தை நியாயப்படுத்துவது அதன் துணிச்சல் அல்ல, இந்த உழைப்புதான். மறைக்க வழியில்லாத ஊரில் அதே கடிதம் பிறர் செலவில் செய்த வீரமாகவே முடிந்திருக்கும்.

1943 பிப்ரவரியில் போதகர்கள் இருவரும் கைதானார்கள். விஷி அரசின் தலைவர் மார்ஷல் பெத்தானுக்குக் கீழ்ப்படிவோம் என்று கையெழுத்திட்டால் விடுதலை, இருவரும் மறுத்தார்கள். அங்கே விலை அநேகமாக அவர்களுடையது மட்டுமே. (எப்படியோ விடுதலையும் வந்தது.)

பிறகு தலைமறைவாக இருந்த காலத்தில் த்ரோக்மே, சிறு வயது மகன் ஜாக்கோடு லியோன் ரயில் நிலையத்தில் ஜெர்மானியரிடம் சிக்கினார். சட்டைப்பையில் பொய்ப் பெயர் அட்டை. விசாரித்தால் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார். கேள்வி வருமுன் கூட்டத்தில் நழுவித் தப்பினார். மனசாட்சிக்காகத் தன் உயிரைக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பையன் உடனிருந்தான். அட்டை யார் செய்தது என்பது அடுத்த கேள்வியாக வந்திருக்கும். அந்த ஒரு தீர்மானத்தில் த்ரோக்மேயின் பக்கம் நிற்க முடியவில்லை.