முழந்தாளும் வணக்கமும்

சென்ற பிரதோஷத்தன்று அந்திப்பொழுதில், சிவாலயம் ஒன்றின் கொடிமரத்துக்கு அருகே, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், மண்டபத் தூணைப் பற்றிக்கொண்டு, குனியவும் மாட்டாமல், அப்படியே திரும்பிச் செல்லவும் மனமில்லாமல் நெடுநேரம் நின்றிருந்ததைக் கண்டேன். கைகொடுக்கலாமென்று அருகிற் சென்றபோது, "வேண்டாம் ஐயா, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. விழுந்து கும்பிட்டு மூன்று வருஷமாயிற்று. எந்த ஜன்மத்துப் பாவமோ, சுவாமி சந்நிதியில் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது" என்று சொல்லிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சொற்களுக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. நோவு முன்வினைப் பயனென்றால், அதைத் தணித்துக்கொள்ள நாம் முயல்வது தகுமா என்பது ஒன்று. உடம்பு மடங்காதவிடத்து வணக்கம் குறைவுபடுமா என்பது மற்றொன்று.

விடை தேடுமுன், நோகின்ற அந்த அவயவத்தையே சற்று ஊன்றி நோக்குதல் நலம். தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் சந்திக்கும் முழங்காலில், அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நாம் காலை ஊன்றும்போது அமுங்கியும், எடுக்கும்போது விரிந்தும், தன்னைச் சூழ்ந்த மூட்டு நீரிலிருந்தே அது தனக்கு வேண்டிய போஷணையைப் பெறுகிறது. அசைவே அதற்கு ஆகாரம். வயது முதிர்ந்து அது தேயும்போது நாம் உணரும் வலி, அதைச் சூழ்ந்த சவ்வும் எலும்பும் தசைகளும் எழுப்பும் முறையீடேயாகும். அம்முறையீட்டுக்கு அஞ்சி நடையையே கைவிட்டவர்க்குத் தொடைத்தசை மெலிகிறது. தாங்குவார் இல்லாத மூட்டு முன்னிலும் அதிகமாக நோகிறது. வலியை மதியாமல் ஓயாது உழைப்பவர்க்கோ வீக்கம் வந்து சேருகிறது. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியும் குறைவும் யோகத்துக்கு ஆகாவென்று உணவிலும் உறக்கத்திலும் செயலிலும் அளவை விதித்தது. அதே அளவை முழங்கால் நமக்கு ஒவ்வோர் அடியிலும் போதித்துக்கொண்டிருக்கிறது.

இனி, வினையென்னும் வாதத்துக்கு வருவோம். சைவ சித்தாந்தம் வினையை, முன்பு ஈட்டிக் குவிந்திருக்கும் சஞ்சிதம், அதில் இப்பிறவியில் அனுபவிக்க வந்த பிராரப்தம், இப்போது புதிதாய் ஈட்டும் ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. முழங்கால் நோவு பிராரப்தமாகவே இருக்கட்டும். ஆயினும் அதை அனுபவிக்கும்போது நாம் கொள்ளும் கோபமும், சோம்பலும், அல்லது பொறுமையும், முயற்சியும் ஆகாமியமாகி இனி வருவதற்கு வித்தாகின்றன அல்லவா? வந்த நோவுக்கு நாம் பொறுப்பாளிகளோ அல்லவோ, அதை நடத்தும் விதத்துக்கு நாமே பொறுப்பாளிகள். ஆகவே, பாவமென்று பெயரிட்டுவிட்டுப் பராமரிப்பைக் கைவிடுவது பக்தியன்று. ஈசன் உறையும் ஆலயமென்று பெரியோர் சொன்ன இச்சரீரத்தைப் பழுது பார்ப்பதும் ஒரு திருப்பணியேயாகும்.

அத்திருப்பணி பெரும் பொருள் வேண்டுவதன்று. நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குவதை நாள்தோறும் பத்துமுறை செய்தாலே தொடைத்தசை வலுப்பெறும். உடலெடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. சுவாமிமலையின் 60 படிகளானாலும், திருத்தணிகையின் 365 படிகளானாலும், வீட்டு வாசலின் மூன்று படிகளானாலும், ஏறும்போது நோவில்லாத காலும் இறங்கும்போது நோவுள்ள காலும் முந்த வேண்டும். கைத்தடி, நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறத்துக் கையில் இருத்தல் வேண்டும். நடந்தபின் எழும் சிறு வலி மறுநாள் காலைக்குள் அடங்குமானால் அஞ்ச வேண்டுவதில்லை. அடங்காது மிகுமானால் நடையின் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு சிவந்து வீங்கிச் சூடேறினாலும், காய்ச்சல் கூடினாலும், மடக்கிய கால் நீட்டவொட்டாமல் பூட்டிக்கொண்டாலும், ஊன்றவே இயலாமற் போனாலும், தாமதமின்றி வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இனி இரண்டாவது வினா. பஞ்சாங்க நமஸ்காரத்தில் தலையும், கைகள் இரண்டும், முழந்தாள்கள் இரண்டும் நிலந்தோய வேண்டுமென்று விதித்த அதே மரபு, சிரசின்மேல் கைகுவிப்பதையும், தலைமாத்திரம் தாழ்த்துவதையும் நமஸ்காரமென்றே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூப்பையும் பிணியையும் அறிந்த நம் முன்னோர், எந்த உடம்பும் வணக்கத்துக்குப் புறம்பாகிவிடாதபடி வழி வைத்திருக்கிறார்கள்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கும் அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரை இங்கே நினைக்கத்தக்கது. பாதங்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தும், கைகள் தேய்ந்தபின் மார்பினால் ஊர்ந்தும், பின்னர்ப் புரண்டும் சென்ற அவருடைய உறுதியைப் போற்றாதார் இல்லை. ஆயினும் அந்த யாத்திரை முடிந்த இடத்தை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. மேலும் தேயவிட்டு ஈசன் அவருக்குக் காட்சி தரவில்லை. சிதைந்த அங்கங்கள் முன்போல் விளங்க அவரை எழச் செய்து, பொய்கையில் மூழ்குவித்து, திருவையாற்றிலே கயிலைக் கோலத்தைக் காட்டியருளினார். அப்படி மீண்ட உடம்பைக் கொண்டே அப்பர் திருப்புகலூரில் உழவாரப் பணி செய்தார். உடம்பைத் தேய்த்துத் தருமாறு இறைவன் கேட்கவில்லை என்பதும், தொண்டுக்காகவே அதைத் திருப்பித் தந்தார் என்பதும் அவ்வரலாற்றில் நான் காணும் உண்மை.

ஆதலால், முழந்தாள் நோகும் அன்பர்களே, மடங்கமாட்டாத காலைக் குறித்து வெட்கமுறாதீர்கள். சந்நிதியில் நின்றபடியே தலைமேற் கைகுவியுங்கள். அது நிறைந்த வணக்கமே. வீடு திரும்பியதும் நாற்காலியில் அமர்ந்து, அந்தக் காலைப் பத்துமுறை பொறுமையாக நீட்டுங்கள். அதுவும் வழிபாட்டின் ஓர் அங்கமே.